போய் வருகிறேன்

வீட்டைவிட்டுப் புறப்படும் எவரும் நம் நாட்டில் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்வர். கடைத்தெருவிற்குச் சென்று கறிவேப்பிலை வாங்கி வருபவரும் அப்படியே சொல்வார். கடல் கடந்து செல்பவரும் அப்படியே சொல்வார். ஒரு சிறுவன் மறந்து ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டால், பாட்டியார் அவனைத் தெருமுனையிலிருந்து திரும்ப அழைத்தாவது திருத்தி அனுப்புவார். இறந்தவரைக் குறித்தே ‘போய்விட்டார்’ என்கிறோம். ஆதலால், உயிரோடு இருப்பவர் வாயில் அச்சொல் தனித்து வரலாகாது என்பது முன்னோர் கொண்ட கருத்து. வழியனுப்புவோரும் ‘போ’ என்னாமல் ‘போய் வா’ என்றே விடை கொடுப்பர். பிரிவைச் சொல்லும்போதே வரவையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நம் மொழியின் இயல்பு.

இச்சொல்லைப் பற்றி மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு வினா எழுப்பினாள்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையை ஒட்டியிருப்பது செம்பாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர் வீடுகள் பெருகி நகராட்சியாகி, 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. மீனம்பாக்கம் விமான நிலையம் தொலைவில் இல்லை. ஆதலின், அயல்நாடு செல்லும் பிள்ளைகளை வழியனுப்பும் காட்சி எங்கள் தெருக்களுக்குப் புதிதன்று. விடியாத வேளையில் வாயிலில் கார் வந்து நிற்கும், பெட்டிகளை ஏற்றுவர், தாய் பிள்ளையின் நெற்றியில் திருநீறு இடுவாள், தந்தை கடவுச்சீட்டை மூன்றாம் முறையாகச் சரிபார்ப்பார். அவ்வாறு சென்றவர்களுள் ஒருத்தி எங்கள் தெருப் பெண். பதினாறாம் வயதில் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஓராண்டு பயின்று திரும்பினாள். அங்கே அவள் விடுதியில் தங்கவில்லை. ஒரு குடும்பத்தில் மகளைப்போல் இருந்தாள். திரும்பிய சில நாட்களுக்குப் பின் என்னைக் காண வந்தாள்.

“ஐயா, புறப்படும் நாளில் அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எங்கள் ஊரில் விடைபெறும்போது என்ன சொல்வோம் தெரியுமா என்று கேட்டு, ‘போய் வருகிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘எப்போது வருவாய்?’ என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஐயா, நான் பொய் சொல்லிவிட்டேனா?”

அன்று நான் ஏதோ ஆறுதல் கூறி அனுப்பினேன். அது சரியான விடையன்று என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பின்னர் அதைப் பற்றிப் பல நாள் எண்ணினேன்.

கல்விக்காகப் பிரிதல் நமக்குப் புதிய செய்தியன்று. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியம், தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களை எண்ணும் இடத்தில் போரையும் தூதையும் மட்டும் சொல்லி நிற்கவில்லை. கல்வியையும் சேர்த்தே சொல்கிறது. இதனை ஓதற்பிரிவு என்பர். அரசன் ஏவிய பணிக்காகப் பிரிபவன் ஓராண்டுக்குள் மீள வேண்டும் என்றும், கல்விக்காகப் பிரிபவன் மூன்றாண்டுகளைக் கடத்தலாகாது என்றும் அந்நூலின் கற்பியல் கால எல்லை வகுக்கிறது. போருக்கு ஓராண்டு, படிப்புக்கு மூன்றாண்டு! படிப்பு மெல்லவே வரும் என்பதை அறிந்தவர்கள் இவ்வெல்லையை வகுத்திருக்கிறார்கள். கடல் கடந்து செல்லும் பயணம் பெண்களோடு கூடியதன்று எனவும் அந்நூலில் ஒரு விதி உண்டு. அதன் பொருள் பற்றி உரையாசிரியர்கள் பலவாறு கூறுவர். இன்று எங்கள் தெருவிலிருந்து கடல் கடந்து படிக்கச் சென்றவர்களுள் பெண்களே மிகுதி என்பதைக் கண்டால், தொல்காப்பியர் அவ்விதியை மகிழ்ச்சியோடு மாற்றி எழுதியிருப்பார் என்றே நான் எண்ணுகிறேன்.

எனினும், அந்தப் பழைய பிரிவுக்கும் எங்கள் தெருப் பெண்ணின் பிரிவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தொல்காப்பியம் கூறுவது வீட்டைப் பிரியும் பிரிவு. அவள் என்னிடம் கூறியதோ, சென்ற இடத்தைப் பிரியும் பிரிவு. முன்னதற்கு இலக்கணம் உண்டு, பின்னதற்கு இல்லை.

மாணவர் பரிமாற்றம் என்னும் இம்முறை எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது காண்போம். முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில், காயமுற்ற பிரெஞ்சுப் போர்வீரர்களை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க அமெரிக்கத் தொண்டர்கள் ஊர்தி ஓட்டினார்கள். அவர்கள் அமைத்த கழகமே ஏ.எஃப்.எஸ். எனப்படுவது. இரண்டாம் உலகப் போரிலும் அவர்கள் அப்பணியைச் செய்தார்கள். போர் முடிந்ததும், அடிபட்டவரைத் தூக்கிச் செல்வதைவிட அடிதடி நேராமல் காப்பது மேல் என்று அவர்களுக்குத் தோன்றியது. முன்னாள் ஊர்தி ஓட்டியான ஸ்டீபன் கலாட்டி என்பவர் தலைமையில், 1947ஆம் ஆண்டு பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா வந்து ஓராண்டு பள்ளியில் படித்தார்கள். பகைநாட்டுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் ஒரே மேசையில் உணவு உண்டால், பின்னர் அவர்களைப் போருக்குத் தூண்டுவது கடினம் என்பதே அத்தொண்டர்களின் நம்பிக்கை.

கல்லூரிப் படிப்பிற்கும் ஆராய்ச்சிக்கும் வேறொரு வழி திறந்தது. செனட்டர் ஃபுல்பிரைட் என்பவர் முயற்சியால் 1946இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இந்தியாவும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்துகொண்டன. இவ்வுதவி பெற்று 1959இல் அமெரிக்கா சென்றவருள் ஒருவர் ஏ.கே. இராமானுஜன். மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர். சென்றவர் அங்கேயே பேராசிரியராகத் தங்கிவிட்டார்; 1993இல் சிகாகோவில் மறைந்தார். ஆனால், சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, குறுந்தொகைத் தலைவியின் பிரிவுத் துயரை உலகத்தார் உணரச் செய்தவர்களுள் முதன்மையானவர் அவரே. ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வாராதவர் என்று அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

2002ஆம் ஆண்டு தொடங்கிய மற்றொரு திட்டத்தின்வழி இந்தியப் பள்ளி மாணவர்களும் அமெரிக்கக் குடும்பங்களில் தங்கிப் படித்து மீண்டிருக்கிறார்கள். வரவேற்கும் குடும்பம் பெரும்பாலும் கூலி பெறுவதில்லை. தன் விருப்பத்தாலேயே ஓர் அறையையும் தட்டில் ஒரு பங்கையும் அளிக்கிறது. அந்நாட்டு விதிப்படி பள்ளி மாணவர் அங்கே ஒரு கல்வியாண்டுக்கு மேல் இருத்தல் இயலாது. வரும்போதே போகும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது.

எதிர்வழியிலும் பயணம் உண்டு. அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1960களிலிருந்து பல ஆண்டுகள் தன் மாணவர்களை ஓராண்டுக் கல்விக்காக மதுரைக்கு அனுப்பிவந்தது. அவர்கள் முன்னதாகவே தம் ஊரில் கோடை முழுதும் தமிழ் படித்துவிட்டு வருவார்கள். தமிழ் கற்க விரும்பும் அமெரிக்கருக்கு மதுரையில் தனியாக ஒரு மொழிப் பள்ளியும் ஏற்பட்டது. தாம்பரத்திலே 1937ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும் அயல்நாட்டு மாணவர்கள் வந்து தங்கிப் பயின்றிருக்கின்றனர். கையால் சோறு பிசையக் கற்று, ‘ழ’கரத்தோடு போராடி, கடைசியில் ‘போயிட்டு வரேன்’ என்று தடுமாறாமல் சொல்லப் பழகும் வேளையில் அவர்களுக்கும் புறப்படும் நாள் வந்துவிடும்.

இவ்விடத்தில்தான் இப்பிரிவின் கடுமை இருக்கிறது. 1955ஆம் ஆண்டு சுவேர லிஸ்கார்டு என்னும் நார்வே அறிஞர், ஃபுல்பிரைட் உதவியால் அமெரிக்கா சென்று மீண்ட தம் நாட்டார் இருநூறு பேரிடம் உசாவி ஓர் ஆய்வுரை எழுதினார். புதிய நாட்டில் முதல் சில மாதங்கள் எல்லாம் இனிமையாகத் தோன்றுகின்றன. இடைக்காலத்தில் தனிமையும் சலிப்பும் வருகின்றன. அதன் பிறகே அவ்வூர் மெல்ல மெல்லத் தன் ஊராகிறது என்று அவர் கண்டார். குடத்தின் உட்புறம்போல இறங்கி ஏறும் வளைவு அது. ஓராண்டு மட்டும் தங்கும் மாணவனின் நிலையை இதனோடு பொருத்திப் பாருங்கள். மொழி தடையின்றி வரத் தொடங்கி, நகைச்சுவை விளங்கி, நண்பர்கள் வாய்த்து, வீட்டு நாய்கூட அடையாளம் கண்டு வாலாட்டும்போது விமானச் சீட்டில் குறித்த நாள் வந்து நிற்கிறது. வேர் பிடித்த நாற்றைப் பிடுங்குவது போன்றது அது. நாற்றைப் பிடுங்குவது நடுவதற்காகத்தான் என்பது உழவனுக்குத் தெரியும், நாற்றுக்குத் தெரியுமோ?

மேலும், ஊரைவிட்டுச் சென்றபோது மீளும் நாள் தெரியும். தாய் நாட்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டே வரலாம். அங்கிருந்து மீளும்போதோ அத்தகைய நாள் ஒன்றும் இல்லை. பதினாறு வயதுப் பெண் தன் கையால் அத்துணைப் பணம் ஈட்டி, மீண்டும் நுழைவிசைவு பெற்று, அந்த ஊருக்குப் போவது எப்போது? அங்கே இருக்கும் பாட்டியார் அதுவரை இருப்பாரா? பள்ளித் தோழர்கள் ஊர் ஊராகப் பிரிந்துவிடுவார்களே! ‘எப்போது வருவாய்?’ என்ற வினாவுக்கு அவளால் விடை கூற முடியாமற் போனது இதனாலேதான்.

கடைசி மாதத்தில் இம்மாணவர்கள் செய்வனவற்றைக் கேட்டால் சிரிப்பும் வரும், இரக்கமும் வரும். கொண்டு செல்லத்தக்க பெட்டிக்கு எடை எல்லை உண்டு. பெரும்பாலும் 23 கிலோ. ஓராண்டின் பொருள்கள் அதற்குள் அடங்குமா? கனத்த குளிர்ச் சட்டையைச் செம்பாக்கத்தில் எவர் அணிவார்? ஆயினும் எங்கள் தெருப் பெண் அதை விடாமல் சுமந்து வந்தாள். பள்ளியின் ஆண்டு மலரில் தோழர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டு இரண்டு வரி எழுதித் தருவது அந்நாட்டு வழக்கம். அந்தப் புத்தகம் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் இருந்ததாம். அதற்கு இடம் காண்பதற்காக, வாங்கி வைத்திருந்த பரிசுப் பொருள்களுள் பாதியை அங்கேயே விட்டு வந்தாளாம்.

ஏ.எஃப்.எஸ். கழகத்தார் முற்காலத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தனர். ஆண்டு முடிந்ததும் மாணவரை நேரே கப்பலேற்றாமல், பல நாட்டுப் பிள்ளைகளையும் பேருந்துகளில் ஏற்றி, ஊர் ஊராகத் தங்கவைத்து அழைத்துச் செல்வர். பல பேருந்துகள் தலைநகராகிய வாஷிங்டனில் வந்து கூடும். 1963ஆம் ஆண்டு ஜூலையில் குடியரசுத் தலைவர் கென்னடி வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அவர்களைக் கண்டு பேசினார். தலைவரைக் கண்டது பெருமையே. ஆனால், பேருந்துப் பயணத்தின் உண்மையான பயன் வேறு என்பது என் கருத்து. ஒரே வகைத் துயர் உடையவர்கள் சில நாள் சேர்ந்து பயணம் செய்தால், அழுபவன் தான் மட்டும் அழவில்லை என்று காண்கிறான். இன்று விமானத்தில் ஏறினால் ஒரே நாளில் வீட்டு வாயில். அழுது முடிக்கக்கூட நேரம் இல்லை.

விடைபெறும்போது நன்றாகப் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். காந்தியடிகளும் அப்படித்தான் நினைத்தார். சட்டம் படிக்க 1888ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டனுக்குப் புறப்பட்டவர், 1891ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அங்கிருந்து கப்பலேறினார். அதற்கு முன் தம் மரக்கறி நண்பர்களை ஹோல்பர்ன் என்னும் உணவகத்திற்கு அழைத்து விருந்தளித்தார். புலால் சமைக்கும் அவ்வுணவகத்தில் அன்று மரக்கறி உணவே பரிமாறப்பட்டது. விருந்து முடிந்ததும் பேசுவதற்கு நகைச்சுவையோடு ஓர் உரையை ஆயத்தம் செய்து வைத்திருந்தார் அவர். எழுந்து நின்றார். முதல் வாக்கியத்திற்கு மேல் ஒன்றும் நினைவிற்கு வரவில்லை. அழைப்பை ஏற்று வந்தமைக்கு நன்றி என்று மட்டும் கூறி அமர்ந்துவிட்டார். பிற்காலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் முன் பேசியவர் அவர்! அச்செய்தியைத் தம் வரலாற்று நூலில் மறையாமல் அவரே எழுதியிருக்கிறார். ஆதலின், விடைபெறும் வேளையில் நாவெழாமல் நிற்கும் மாணவர் எவரும் வெட்கப்பட வேண்டுவதில்லை.

அவரது பயணத்தின் மறுமுனையில் நேர்ந்தது துயரமானது. தாய்க்கு மூன்று உறுதிமொழிகள் அளித்துவிட்டுச் சென்றவர் அவர். அவற்றைக் காத்து வந்த செய்தியைத் தாயிடம் சொல்ல ஏங்கி வந்தார். கரையில் தமையனார் காத்திருந்தார். அன்னையார் முன்னமே இறந்துவிட்டார் என்பதையும், அயல்நாட்டில் தனியே இருப்பவர் தாங்கமாட்டார் என்று அச்செய்தியை மறைத்துவைத்ததையும் அப்போதுதான் சொன்னார். நாம் விட்டுச்சென்ற வீடு, நாம் விட்ட நிலையிலேயே நமக்காகக் காத்திருப்பதில்லை.

நாமும் விட்ட நிலையில் இருப்பதில்லை. 1963ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் இருவர், கணவனும் மனைவியுமான கல்லஹார்ன் என்போர், லிஸ்கார்டு கண்ட வளைவு ஊர் திரும்பியதோடு முடிவதில்லை என்றும், தாய்நாட்டில் அதே இறக்கமும் ஏற்றமும் மீண்டும் ஒருமுறை நிகழ்கின்றன என்றும் எழுதினர். எங்கள் தெருப் பெண்ணின் தாய் இந்த ஆய்வைப் படித்தவர் அல்லர்; எனினும் இதனைக் கண்கூடாகக் கண்டார். மகள் திரும்பிய மறுநாள் காலை, தோசையைத் தட்டில் இட்டதும் ‘நன்றி அம்மா’ என்றாளாம். “நான் என்ன அயலாளா?” என்று தாய் கண் கலங்கிவிட்டார். அங்கே நன்றி சொல்லாவிட்டால் குறை. இங்கே சொன்னால் குறை. ஓராண்டில் நாவில் ஏறிய பழக்கம் ஒரு நாளில் இறங்குமா? பெற்றோர் சிறிது பொறுத்திருக்க வேண்டும். பிள்ளைகளும், ‘அங்கே இப்படி, அங்கே அப்படி’ என்று நாளுக்கு நூறு முறை சொல்லாமல் நாவைக் காக்க வேண்டும்.

அவளது வினாவுக்கு எனக்கு விடை கிடைத்தது சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் வரலாற்றில். எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரத்தில் செல்லத்தக்க காஞ்சிபுரத்தில் பிறந்தவர் தருமபாலர். அரசன் மகளை அவருக்கு மணமுடிக்க ஏற்பாடாகியிருந்தபோது, திருமணத்துக்கு முன்னாள் இரவே எவரிடமும் சொல்லாமல் துறவு பூண்டு சென்றார் என்பர். விடைபெறாமல் சென்ற அவர் நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அவருடைய மாணவர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரரிடம் பயில்வதற்காகவே ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து யுவான் சுவாங் வந்தார். அவர் காஞ்சிக்கும் வந்திருந்தார்.

படிப்பு முடிந்து அவர் நாடு திரும்ப எண்ணியபோது, நாளந்தாத் துறவியர் கூடித் தடுத்தனர். புத்தர் பிறந்த நாட்டை விட்டு எங்கே போகிறீர் என்று வாதிட்டனர். சீலபத்திரரிடம் செய்தி சென்றது. தாம் கற்றதைத் தம் நாட்டார்க்கு மொழிபெயர்த்துச் சொல்வதற்கே போகிறேன் என்று யுவான் சுவாங் கூறவும், முதிய ஆசிரியர் மகிழ்ந்து, இவரைத் தடுக்காதீர்கள் என்று ஆணையிட்டார். பேரரசர் ஹர்ஷர் நெடுந்தொலைவு உடன் சென்று விடை கொடுத்தார். கொடுத்தவருக்கு மனம் ஆறவில்லை. மூன்று நாள் கழித்துக் குதிரை வீரரோடு விரைந்து சென்று, வழியிலேயே அவரைப் பிடித்து, மீண்டும் ஒருமுறை விடை கொடுத்தார்! பேரரசருக்கே அப்படியென்றால் நம் நிலை என்ன?

யுவான் சுவாங் 645இல் சீனத் தலைநகர் சேர்ந்தார். மீண்டும் இந்தியா வரவே இல்லை. ஆனால், 652ஆம் ஆண்டு மகதத்திலிருந்து ஒரு துறவி அவருக்குக் கடிதங்கள் கொண்டுவந்தார். எழுதியவர்கள் ஞானபிரபர், பிரக்ஞாதேவர் என்னும் இருவர். இவருள் பிரக்ஞாதேவர் கன்னோசியில் யுவான் சுவாங்கோடு வாதிட்டுத் தோற்றவர். அவர்கள் இரண்டு வெண்ணிறத் துணிகளையும் அனுப்பி, வழி நெடிது, ஆதலால் பொருள் சிறிது என்று பொறுத்தருள வேண்டியிருந்தனர். 654இல் அதே தூதர் திரும்பியபோது யுவான் சுவாங் விடை எழுதினார். சீலபத்திரர் மறைந்த செய்தியைக் கேட்டுத் தாம் வருந்தியதைக் குறித்தார். செய்துவரும் மொழிபெயர்ப்புகளைப் பற்றிக் கூறினார். தாம் சிந்து ஆற்றைக் கடந்தபோது ஒரு குதிரைச் சுமை ஏடுகள் நீரில் போயின என்று சொல்லி, அவற்றின் பெயர்களைப் பட்டியலிட்டு, வாய்ப்பு நேர்ந்தால் அனுப்பி உதவுமாறு வேண்டினார். பிரிந்து பத்தாண்டு ஆன பின்னும், புத்தகம் கடன் கேட்கும் அளவுக்கு அவர் அங்கே இருந்துகொண்டிருந்தார்.

சில வாரம் சென்று அப்பெண் மறுபடியும் வந்தபோது, இதை அவளிடம் சொன்னேன். “நீ பொய் சொல்லவில்லை, அம்மா. ‘வருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டாய், அதைக் கால்களால்தான் நிறைவேற்ற வேண்டும் என்பதில்லை” என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். “அந்தக் கடிதம் போய்ச் சேர எத்தனை மாதம் ஆகியிருக்கும், ஐயா?” என்று கேட்டாள். மலையும் பாலையும் கடந்து செல்லும் வழி. ஓராண்டுக்குக் குறைந்திராது என்றேன். அவள் தன் கைப்பேசியை எடுத்து மணி பார்த்தாள். இங்கே மாலை ஐந்தரை. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும், அந்த அம்மா எழுந்திருப்பார் என்றாள். வந்த நாள் முதல் அவருக்கு ஒரு வரியும் எழுதவில்லையாம். எழுதினால் அழுகை வரும் என்று அஞ்சினாளாம்.

“போய் வருகிறேன், ஐயா” என்று எழுந்தாள்.

“போய் வா, அம்மா” என்றேன்.